மூச்சு வாங்குது

அந்தக் காகித ஆலையில் மோட்டாருக்கும் மனுஷனுக்கும் ஒரே பேச்சுதான். மோட்டார் பாரம் தாங்காமல் தானாக நின்றுவிட்டால் 'கோவிச்சுக்கிச்சு' என்பார்கள். மோட்டாரை நிறுத்தும் ரிலேயின் பொத்தானை அழுத்தி மறுபடி ஓட வைப்பது 'சமாதானம் பண்றது'. பேரிங் தேய்ந்து கத்தினால் 'பல்லைக் கடிக்குது'. குழியில் தண்ணீர் வற்றிப்போய், பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்க ஆரம்பித்தால் 'மூச்சு வாங்குது'. யார் வைத்த பெயர்களோ, புதிதாக வேலைக்கு வருகிறவனும் கொஞ்ச நாளில் இப்படித்தான் பேசுவான். பேசாதவனுக்குக் கேன்டீனில் டீ கூட ஆறித்தான் வரும்.

இவற்றில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் ஓர் அவசரம் உண்டு. மூச்சு வாங்கும் பம்பை உடனே நிறுத்தியாக வேண்டும். உள்ளே போகும் தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. வெறும் காற்றில் சுற்றினால், தண்ணீர் கசியாமல் காக்கும் சீல் கருகி, தண்டு ஆட்டம் கண்டு, பம்பே பழைய இரும்புக்குப் போய்விடும். அதனால் அந்த வார்த்தை காதில் விழுந்த மாத்திரத்தில் பேனல் ரூமில் இருப்பவர் சிவப்புப் பொத்தானை அடிக்க வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் பிறகு. இந்தச் சட்டத்தைப் போட்டவள் பேனலக்கா. சட்டத்தை மீறி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பொத்தானை அடித்த ஒருவனை அவள் வாங்கு வாங்கென்று வாங்கிய கதை ஆலையில் இன்னும் ஓடுகிறது.

பேனலக்கா என்றால் பேனல் ரூமில் உட்காரும் அக்கா, அவ்வளவுதான். அவளைவிட மூத்த கொதிகலன்காரர் கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூடப் பிறந்த தம்பி என்று அவளுக்கு ஒரே ஒருவன். அவனும் அங்கேதான் ஃபிட்டர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"எங்கக்காவுக்கு மாமாவைவிட அந்த மானிட்டர்தான் பிரியம். மாமாவுக்குக் காய்ச்சல்னா மாத்திரையைக் கையில குடுத்துட்டு வேலைக்கு வந்துடும். மோட்டாருக்குச் சூடுன்னா சாப்பாடே இறங்காது" என்று கேன்டீனில் நாலு பேர் கேட்கச் சொல்வான். அவளும் சிரிப்பாள். முழுப் பொய்யாக இருந்தால்தானே கோபம் வரும்?

அந்த மானிட்டர், சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. பேனலின் நெற்றியில் பதித்திருக்கும். மோட்டார் எவ்வளவு லோடு இழுக்கிறது என்று எண்ணாகக் காட்டும். நூறு வரை நல்ல எண். லோடு அளவுக்கு மிஞ்சினால், சுருள் கருகிவிடாமல் மோட்டாரை நிறுத்திவிடும். அளவுக்குக் குறைந்தாலும் நிறுத்திவிடும், பம்பு வெறுமே சுற்றுகிறது என்று பொருள். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்கிற மாமியார் நியாயம். ஆனால் அந்த நியாயத்தால்தான் அந்த ஆலையில் மோட்டார்கள் கருகாமல் ஓடின.

கழிவுத் தண்ணீர்க் குழியில் மட்டும் இந்த மாமியார் சரிப்பட்டு வரவில்லை. அங்கே வருவது காகிதச் சக்கை கலந்த தண்ணீர். நுரை அதிகம். பம்பு ஒரு வாய் நுரையை விழுங்கும்போதெல்லாம் லோடு சட்டென்று இறங்கும். பெட்டி உடனே 'தண்ணீர் இல்லை' என்று மோட்டாரை நிறுத்திவிடும். போய்ப் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர் நிற்கும். ஒரு ஷிப்டுக்குள் இப்படிப் பலமுறை நடந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? இன்ஜினியர் கேட்டார், பேனலக்காவும் சரி என்றாள். குறைவு லோடுக்கு நிறுத்தும் காவலை மட்டும் அணைத்து வைத்தார்கள். அதற்குப் பதிலாகக் குழி ஓரத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். பம்பு காற்றை இழுக்கும் சத்தம் கேட்டதும் அவன் இன்டர்காமில் 'மூச்சு வாங்குது' என்று கத்த வேண்டும்.

அந்த ஆள்தான் ரேடியோ. நாற்பதைத் தாண்டிய ஹெல்பர். திறந்த வாயை மூடத் தெரியாது என்பதால் அந்தப் பெயர். கத்துகிற வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆளைக் கடவுளே தேடினாலும் கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பெட்டி செய்ய வேண்டிய வேலை ஒரு தொண்டைக்குப் போனது. ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் குழியின் அடியில் ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீர் வரும் வாயிலில் இருக்கும் இரும்பு மதகை இறக்கி மூடினார்கள். பம்பு மிச்சத் தண்ணீரை இழுத்து முடித்தது, ரேடியோ கத்தினான், பேனலக்கா நிறுத்தினாள். எல்லாம் வழக்கப்படி. தம்பி ஏணி வழியே இறங்கினான். இறங்குவதற்கு முன் இன்டர்காமில் வந்து, "அக்கா, நான் குழிக்குள்ள போறேன். திரும்பி வர்றதுக்குள்ள உன் மானிட்டருக்குத் திருஷ்டி சுத்திப் போட்டுடு" என்றான்.

"வாயைக் குறைச்சுட்டு வேலையைப் பாருடா" என்றாள் அவள்.

குழி ஆலைக்குப் பின்புறம், இரண்டு மாடி ஆழத்துக்கு. மோட்டார் மேலே, ஒரு தகரக் கொட்டகைக்குள் நிமிர்ந்து நிற்கும். அதிலிருந்து நீளமான தண்டு ஒன்று கீழே அடியில் இருக்கும் பம்பு வரைக்கும் போகும். பேனல் ரூம் ஆலைக்கு முன்புறம். அங்கிருந்து குழியும் தெரியாது, கொட்டகையும் தெரியாது. தெரிவதெல்லாம் பெட்டியில் ஓடும் எண்தான். சுவரில் தொங்கும் இன்டர்காம் மட்டும் பேசும்.

அது திடீரென்று அலறியது.

"அக்கா! மதகு விட்டுடுச்சு! தண்ணி வருது! தம்பி உள்ள மாட்டிக்கிட்டான், குழாய் கால் மேல விழுந்துடுச்சு! மோட்டாரைப் போடுக்கா!"

அவள் போட்டாள். பெட்டியில் எண் ஏறி, எண்பதுக்குப் பக்கத்தில் நின்றது.

ரேடியோ மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனான். மதகைப் பிடித்திருந்த கொக்கி அறுந்து, மதகின் இரும்புத் தகடு சாய்ந்துவிட்டது. தண்ணீர் பாய்ந்த வேகத்தில், கழற்றித் தொங்கவிட்டிருந்த குழாய் சங்கிலியோடு நழுவி தம்பியின் முழங்காலுக்குக் கீழே விழுந்து கிடக்கிறது. அவனால் எழுந்து நிற்க முடியாது, பாதி படுத்த மாதிரி கிடக்கிறான். இன்ஜினியரே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். மற்றவர்கள் மதகுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். ஆலையை நிறுத்தியாயிற்று, ஆனால் மேல்தொட்டியில் நிற்கிற தண்ணீர் முழுக்க இந்த வாயில் வழியாகத்தான் இறங்கும், வேறு வழியில்லை.

"தண்ணி எவ்வளவு இருக்கு?"

"நிக்கிற ஆளுக்கு முழங்கால்தான்க்கா."

"கிடக்கிற ஆளுக்கு?"

ரேடியோ முதல்முறையாகத் தயங்கினான். "மார் வரைக்கும்."

அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போல் கால் துடித்தது. ஓடி என்ன செய்வது? குழியில் இறங்க ஆள் இருக்கிறார்கள். பேனலில் உட்கார அவளை விட்டால் யாருமில்லை. மோட்டார் ஓடுகிற வரைக்கும் தண்ணீர் ஏறாது. ஏறினாலும் மெல்ல ஏறும். தம்பியின் உயிர் இப்போது அந்த எண்ணில் இருக்கிறது, அந்த எண் அவள் கையில் இருக்கிறது. நாற்காலியை இழுத்து பெட்டிக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, தம்பி ஒண்ணு சொல்லச் சொல்றான்" என்றது இன்டர்காம். "இன்ஜினியர் சார் பயந்து போயிருக்காராம். 'மேல எங்கக்கா இருக்கு, மோட்டார் நிக்காது, நீங்க நிதானமா ஜாக்கியை ஏத்துங்க'ன்னு அவருக்கு இவன் தைரியம் சொல்றான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவனை வாயை மூடிட்டுக் கிடக்கச் சொல்லு. வாய்க்குள்ள தண்ணி போயிடப் போகுது."

கொஞ்ச நேரம் எண் அசையாமல் இருந்தது. பிறகு தொண்ணூறானது. நூறைத் தொட்டது. தாண்டியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடியில் படிந்திருந்த சக்கை எல்லாம் புதுத் தண்ணீரில் கிளம்பி பம்பின் விசிறியில் சுற்றுகிறது. ஈரக் காகிதச் சக்கை கயிறு போல் திரியும். திரிந்தால் விசிறி இறுகும், இறுகினால் மோட்டார் முக்கி முக்கி இழுக்கும். பெட்டி மஞ்சள் விளக்கைப் போட்டது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் அது மோட்டாரைக் காப்பாற்றிவிடும். அதற்குக் கொடுத்த வேலை அதுதானே? மோட்டாரைக் காப்பாற்றத்தான் அதற்குத் தெரியும். கீழே ஓர் ஆள் கிடக்கிறான் என்று அதற்கு யார் சொல்வது?

அவள் கடவுச்சொல்லை அடித்து, நிறுத்தும் எல்லையைத் தூக்கி வைத்தாள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். எண் நூற்றுப் பத்தைத் தாண்டியது. மறுபடி தூக்கினாள். 'இதற்கு மேல் இல்லை' என்று பெட்டி சொல்லிவிட்டது.

"தண்ணி என்ன ஆச்சு, ரேடியோ?"

"தோளுக்கு வந்துடுச்சுக்கா. சார் அவன் தலையைத் தூக்கிப் புடிச்சிருக்காரு. ஜாக்கி சேத்துல பதியுது, நிக்க மாட்டேங்குது. அடியில வைக்கப் பலகை தேடுறாங்க."

"மதகு?"

"சங்கிலி மாட்டிட்டாங்க. இழுக்குறாங்க. வர மாட்டேங்குது, ஆனா வரும்க்கா, வரும்."

வரும் வரும் என்று அவளும் முணுமுணுத்தாள். அம்மா இந்நேரம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்று கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருப்பாள். தனியாகப் போய் அந்தக் கதவைத் தள்ளுவது எப்படி? அந்த நினைப்பை அவள் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளினாள். அது வாசலிலேயே நின்றது.

அப்போதுதான் இன்டர்காம் கிழிந்து போகிற மாதிரி கத்தியது.

"அக்கா! மூச்சு வாங்குது! மூச்சு வாங்குதுக்கா!"

கை போய்விட்டது. அத்தனை வருஷம் பழக்கிய கை. யோசனை செருப்பு மாட்டிக் கிளம்புவதற்குள் கை ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. சிவப்புப் பொத்தானில் அவள் உள்ளங்கை ஓங்கி விழுந்தது. மோட்டார் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் வெட்கப்பட்டாள். அப்பாடா, குழி வற்றிவிட்டது, பம்பு காற்றை இழுக்கிறது, தம்பி பிழைத்தான் என்று நெஞ்சு இறங்கி, கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். ஒரே ஒரு சாய்வு. பிறகு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள்.

மோட்டார் நின்றால் அந்தப் பெட்டி கடைசியாக ஓடிய லோடை அப்படியே காட்டி வைக்கும். நூற்றுப் பதினெட்டு.

காற்றை இழுக்கிற பம்புக்கு நூற்றுப் பதினெட்டு ஏது? வெறுமே சுற்றுகிற பம்பு முப்பதைத் தாண்டாது. அந்த எண் தெளிவாக, பெரிய எழுத்தில், அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. தண்ணீர் நிறைய இருக்கிறது, சக்கையோடு இருக்கிறது, பம்பு உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் மூச்சு வாங்கியது பம்புக்கு இல்லை.

"ஏன்க்கா நிறுத்தினே? ஐயோ, ஏன்க்கா நிறுத்தினே? அவனுக்கு மூச்சு வாங்குதுன்னு சொன்னேன்க்கா! வாய்க்குத் தண்ணி வந்துடுச்சுக்கா! போடு, போடு!"

அவள் பச்சைப் பொத்தானை அடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். பெட்டியில் ஒரே ஒரு வரி வந்தது: மோட்டார் சூடு, காத்திருக்கவும். ஓடிக்கொண்டிருக்கும் வரை பெட்டி பொறுத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை நின்றுவிட்டால், சூடு தணியும் வரை மறுபடி கிளம்ப விடாது. கிளப்பும்போது மோட்டார் இன்னும் பல மடங்கு இழுக்கும், சூடாக இருக்கும்போது அதைச் செய்தால் சுருள் வெந்துவிடும். அந்தக் காவலை வாதாடி வாங்கிப் போட்டவளும் அவள்தான். கோவித்துக்கொண்டு நின்றதென்றால் சமாதானம் பண்ணலாம். இது கோவிக்கவில்லை. அவள் நிறுத்தினாள், அது கதவைச் சாத்திக்கொண்டது.

"அக்கா, மூக்குக்கு... சார் அவன் வாயைப் பொத்தி..."

இன்டர்காமில் வேறு ஏதோ சத்தம் கேட்டது, ஓர் ஆள் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்து காற்றை இழுப்பது போல. பிறகு அதுவும் இல்லை.

கை கால் ஓடவில்லை என்பார்களே, அந்த நிலை. ஆனால் ஓடாமல் இருக்க நேரம் இல்லை. ஆலையில் 'டைரக்ட்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. பெட்டியின் ரிலேயைத் தாண்டி ஒரு துண்டு ஒயரைப் போட்டு, மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்துவிடுவது. சோம்பேறிகளும் முட்டாள்களும் செய்கிற வேலை என்று அவள் சொல்வாள். டைரக்ட் கொடுத்தவன் முகத்தில் விழிக்க மாட்டாள். அவள் இப்போது பேனல் கதவின் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தாள். மேஜை விளக்கின் ஒயரைப் பிடுங்கி, நுனியைப் பல்லால் கடித்து உரித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

உள்ளே வரிசை வரிசையாகத் திருகுகள். எது எதற்கு என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பதும் தெரியும். அணைத்து, போட்டு, அதற்கெல்லாம் யார் காத்திருப்பார்கள்? ஒயரின் ஒரு நுனியை ஒரு திருகின் மேல் அழுத்தினாள். மறுநுனியைக் கொண்டுபோகும்போது விரல் பட்டது. முழங்கை வரைக்கும் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது, பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். "சனியனே, சனியனே" என்று தன்னைத்தான் திட்டிக்கொண்டே எழுந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மறுபடி வைத்தாள்.

பேனலுக்குள் தடால் என்று ஒரு சத்தம். விளக்குகள் மங்கின. பெட்டியில் எண் எங்கேயோ போய், திரும்பி வந்து, நூற்று நாற்பதில் நின்றது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பெட்டி நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தது, ஆனால் அதன் பேச்சைக் கேட்க இப்போது ஆள் இல்லை.

"ஓடுது! ஓடுதுக்கா!" ரேடியோ அழுதுகொண்டு கத்தினான்.

"அவன்?"

இன்டர்காமில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் வந்தது.

"டேய் ரேடியோ! ஊர்க்கதை எல்லாம் பேசுவியே, இப்ப வாயைத் திறந்து சொல்லேன்டா! என் தம்பி எப்படி இருக்கான்?"

"தெரியலக்கா. தலை தெரியல. சார் முங்கி முங்கி எந்திரிக்கிறாரு."

ஒயரை அவளால் விட முடியாது. திருகை முடுக்கிக் கட்டவும் முடியாது, ஒரு கையால் அழுத்திப் பிடித்தால்தான் தொடர்பு நிற்கும். எண்ணைப் பார்த்தபடி நின்றாள். மோட்டார் இருக்கும் கொட்டகை ஆலையின் மறுகோடியில் இருந்தது, ஆனாலும் சுருளின் வார்னிஷ் கருகும் வாசனை மூக்கில் ஏறுகிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். "உனக்கு எத்தனை தடவை பரிஞ்சு பேசியிருக்கேன், எனக்காக இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்புறம் கருகிப் போ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." இரும்பிடம் கெஞ்சுகிறோம் என்ற கூச்சம் அவளுக்கு இல்லை. கடவுளிடம் கெஞ்சவும் ஒரு வாய்தான் இருக்கிறது. மோட்டார்தான் அப்போது பக்கத்தில் இருந்தது.

எண் இறங்கியது.

நூற்று இருபது. நூறு. எழுபது. லோடு இறங்கினால் இரண்டு அர்த்தம். தண்ணீர் குறைந்து பம்பு இலகுவாகிறது என்றும் இருக்கலாம். நடுவில் தண்டு முறிந்து, மோட்டார் மேலே தனியாகச் சுற்றுகிறது, கீழே பம்பு செத்துக் கிடக்கிறது என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் பெட்டி ஒரே எண்ணைத்தான் காட்டும். அதற்குத் தம்பியும் தெரியாது, தண்டும் தெரியாது. அவள் அத்தனை வருஷம் நம்பிய கண் அது. இப்போது அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் இருட்டியது.

"ரேடியோ, தண்ணி ஏறுதா இறங்குதா? முழுசாச் சொல்லு. எது ஏறுது, எது இறங்குதுன்னு முழுசாச் சொல்லு!"

"தண்ணி... குழியில தண்ணி இறங்குதுக்கா. மதகை மூடிட்டாங்க. தம்பி தலை தெரியுது. தலை தெரியுதுக்கா, ஆனா அசையல."

அதற்கு மேல் கேட்க மோட்டார் விடவில்லை. எங்கோ தூரத்தில் வெடி போல ஒரு சத்தம் கேட்டது. மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய பிரேக்கர் விழுந்தது. பெட்டி, விளக்கு, இன்டர்காம் எல்லாம் ஒன்றாகச் செத்தன. ரூம் இருட்டானது. அவள் கையில் ஒயர் மட்டும் இருந்தது.

அவள் ஓடினாள். நின்று போன இயந்திரங்களுக்கு நடுவே, ஈரத் தரையில் வழுக்கி, ஒரு காலில் செருப்போடு ஓடினாள். கொட்டகையிலிருந்து கறுப்புப் புகை வந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்கியதும் ஜாக்கியால் குழாயைத் தூக்கிக் காலை விடுவித்திருந்தார்கள்; குழி ஓரத்தில் ஆட்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இன்ஜினியரின் தலை வந்தது, சேறு பூசிய முகம், பல் தந்தியடித்தது. அவர் தோளில் ஒரு துணிமூட்டை மாதிரி தம்பி.

தரையில் போட்டார்கள். முகம் சாம்பல் நிறம், உதடு நீலம். இன்ஜினியர் அவன் மார்பை அழுத்தினார். அவருடைய கையில் தோல் உரிந்து தொங்கியது, அழுத்திக்கொண்டே இருந்தார். பேனலக்கா சத்தம் போட்டு அழவில்லை. அவன் காலருகே மண்டியிட்டு, ஈரச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திருடா, எழுந்திருடா" என்று பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி இருமினான். வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொட்டியது. மறுபடி இருமினான். ரேடியோ அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "யாருக்குன்னு சொல்லாம விட்டுட்டேனே. அவனுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவன் தோளை யாரோ தட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து, காலைக் கட்டி, தம்பியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கால் பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை, வந்தவர்களும் சொல்லவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். நகம் பதிந்தது. வண்டிக் கதவு வரைக்கும் அவள் அந்தப் பிடியோடு கூடவே நடந்தாள்.

"அக்கா" என்றான், கரகரத்த குரலில்.

"சொல்லுடா."

"நடுவுல... கரண்டு போயிடுச்சா?"

அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவள் நிறுத்தியிருப்பாள் என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தபோதும் அவன் மின்சாரத்தைத்தான் திட்டியிருப்பான். ஒரு 'ஆமா' சொன்னால் போதும், காலம் முழுக்க அது அப்படியே இருந்துவிடும். ரேடியோ சட்டென்று எழுந்து வந்தான்.

"ஆமாப்பா, கரண்டுதான். கரண்டுதான் போச்சு. நீ பேசாத."

இன்ஜினியர் தரையைப் பார்த்தார். அவரும் மறுக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பொய்யைத் தாங்கிவிடலாம். பேனலக்கா வாயைத் திறந்தாள், ஆமா என்று சொல்லத்தான் திறந்தாள்.

"இல்லடா. நான்தான் நிறுத்தினேன்."

அவன் விரல்கள் தளர்ந்தன. கேட்டதால் தளர்ந்தனவா, மயக்கத்தில் தளர்ந்தனவா, அவளுக்குத் தெரியவில்லை. கை ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் தொங்கியது. வண்டிக்காரன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "கூட ஒருத்தர்தான் ஏறலாம். யார் வர்றீங்க?" என்றான்.

யாரும் நகரவில்லை. அவள் ஏறினாள். அவன் 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவது என்று நினைத்துக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். வண்டி நகர்ந்தது. தம்பி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தான், நெடுநேரம் பார்த்தான். 'இறங்கு' என்று சொல்லவில்லை.